உண்மையைத்தானே சொன்னேன்!

ஞாயிறு திருப்பலி முடிந்து கோவில் வாசலில் நிற்கிறோம். "அவர் பழைய வேலையை ஏன் விட்டார் தெரியுமா?" என்று ஒருவர் தொடங்குகிறார். சற்றுமுன் நற்கருணை பெற்ற அதே நாவு! யாராவது தடுத்தால், "இல்லாததையா சொன்னேன்? உண்மையைத்தானே சொன்னேன்" என்கிறார். இந்தப் பதில் போதுமா?

எட்டாம் கட்டளை

பொய்ச்சான்றைத் தடைசெய்வது எட்டாம் கட்டளை (விப 20:16). 1992-ஆம் ஆண்டு திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வெளியிட்ட 'கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி' பிறருடைய நற்பெயருக்கு எதிரான மூன்று குற்றங்களைக் குறிப்பிடுகிறது (எண் 2477).

1. அவசரத் தீர்ப்பு: போதிய ஆதாரமின்றி ஒருவர் தவறு செய்தார் என்று நம்பிவிடுவது. மனதுக்குள் நம்பினாலும் குற்றமே.

2. புறங்கூறல்: தக்க காரணமின்றி ஒருவருடைய குறைகளை, அவற்றை அறியாதவரிடம் சொல்வது.

3. அவதூறு: பொய் சொல்லி ஒருவருடைய பெயரைக் கெடுப்பது.

இரண்டாவது குற்றத்தைக் கவனியுங்கள். அதில் பொய்யே இல்லை. சொன்னது முழு உண்மையாக இருந்தாலும், சொல்லத் தேவையில்லாத இடத்தில் சொன்னதால் அது பாவமாகிறது. கேட்ட செய்தி நம்மோடு மடியட்டும் என்று சீராக்கின் ஞானநூலும் அறிவுரை தருகிறது (சீரா 19:10).

புனித அகுஸ்தினாரின் மேசை

5-ஆம் நூற்றாண்டில் ஹிப்போ நகர ஆயராயிருந்த புனித அகுஸ்தினார், புறங்கூறுவோருக்கு இங்கு இடமில்லை என்ற கருத்தில் தம் உணவு மேசையில் இரண்டு வரிகளை எழுதி வைத்திருந்தார். ஒருமுறை அவருக்கு நெருக்கமான ஆயர்கள் சிலரே அதை மறந்து பேசினர். அந்த வரிகளை அழித்துவிட வேண்டும், இல்லையேல் தாம் பாதியில் எழுந்து தம் அறைக்குச் செல்வதாக அவர் கண்டித்தார். அவருடைய வரலாற்றை எழுதிய ஆயர் பொசிதியுஸ் அன்று அங்கிருந்தவர்களுள் ஒருவர். பேசுவது எவ்வளவு பெரியவரானாலும் கேட்க மறுப்பது நம் கடமை என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

பேசியே ஆகவேண்டிய நேரம்

அப்படியானால் எல்லாவற்றையும் மூடி மறைக்க வேண்டுமா? இல்லை. தவறு செய்தவரிடம் முதலில் தனியாகப் பேசச் சொல்கிறார் இயேசு (மத் 18:15). பெண் கொடுக்கும் வீட்டார் மாப்பிள்ளையின் குடிப்பழக்கத்தைப் பற்றி நம்பிக்கையோடு விசாரித்தால், அறிந்ததை அவர்களிடம் மட்டும் சொல்வது புறங்கூறல் ஆகாது. ஒரு குழந்தைக்குத் தீங்கு நேர்கிறது என்று தெரிந்தும் 'பெயர் கெடும்' என வாய்மூடி இருப்பது அன்பே அல்ல. இத்தகைய கொடுமைகளைத் திருச்சபை அதிகாரிகளிடம் தெரிவிக்கும் கடமையைக் குருக்கள், துறவியருக்குத் திருத்தந்தை பிரான்சிஸ் 2019-இல் சட்டமாகவே விதித்தார். அறிய உரிமையுள்ளவரிடம், தேவையான அளவு, அன்போடு பேசுவதே அளவுகோல். அன்போடு உண்மை பேசுங்கள் என்று தூய பவுல் எபேசு மக்களுக்கு எழுதுவதும் இதையே (எபே 4:15).

பரிகாரம்

ஒப்புரவு அருளடையாளத்தில் மன்னிப்புப் பெற்றாலும், கெடுத்த பெயரைச் சீர்செய்யும் கடமை நீங்காது (மறைக்கல்வி 2487). பொய் சொல்லியிருந்தால், யாரிடம் சொன்னோமோ அவர்களிடமே சென்று, "நான் சொன்னது தவறு" என்று சொல்லலாம். ஆனால் சொன்னது உண்மை என்றால் அதை எப்படித் திரும்பப் பெறுவது? அவருடைய நற்குணங்களை எடுத்துச் சொல்லலாம், அவருக்காகச் செபிக்கலாம், அவ்வளவுதான். புறங்கூறல் எளிதில் ஆறாத காயம் என்பது இதனால் விளங்கும்.

இன்று பேசுமுன் மூன்று கேள்விகள்: இது உண்மையா? இவருக்கு இது தெரிய வேண்டுமா? அவர் இங்கிருந்தால் இப்படிப் பேசுவேனா?

இறைவா, உம்மைப் புகழும் இந்த நாவு உம் பிள்ளைகளைக் காயப்படுத்தாதிருக்க அருள்தாரும். ஆமென்.