ஏலமும் புகையிலையும்

திருவிதாங்கூர் அரசின் கருவூலத்தை நிரப்பிய சரக்குகளுள் மிளகும் ஏலமும் புகையிலையும் முதன்மையானவை. இவற்றின் வாணிபம் அரசின் ஏகபோகமாக இருந்தது. மலைக்குக் கிழக்கே மலிவாகக் கிடைத்த புகையிலை மேற்கே பன்மடங்கு விலை பெற்றதால், கணவாய்களின் வழியே அது கள்ளச் சரக்காக ஏறிற்று. திவான் டி. மாதவராவ் 1860களில் அந்த ஏகபோகத்தை ஒழித்துச் சுங்கவரியை ஏற்படுத்தினார். ஒரே அரசின் பேரேட்டில் அடுத்தடுத்து எழுதப்பட்ட ஏலமும் புகையிலையும் அதன்பின் தத்தம் வழியே சென்றன. நூறாண்டு கழித்து அவை மீண்டும் ஒன்றாகச் சேர்ந்த கதையே இங்குச் சொல்ல வருவது.

ஏலத்தோட்டங்கள் பெரும்பாலும் போடிமெட்டுக்கு அப்பால், இன்றைய இடுக்கி மாவட்டத்தில் உள்ளன; வாணிபமோ அடிவாரத்துப் போடிநாயக்கனூரில். விடியுமுன் ஜீப்புகளில் தொழிலாளர் மலையேறுகின்றனர். கீழே கடைகளில் பெண்கள் காயைச் சல்லடையிட்டுப் பருமன் பார்த்து, நிறம் பார்த்துப் பொறுக்குகின்றனர். கம்பம், உத்தமபாளையம், போடி வட்டாரத்து இராவுத்தர் குடும்பங்கள் பலவற்றுக்கு இத்தொழில் புதிதன்று. (பொருளுக்கும் அதனை விற்கும் முறைக்கும் ஏலம் என்ற ஒரே பெயர் வாய்த்தது தமிழின் வேடிக்கை.)

இந்தக் காயின் பெரிய வெளிச்சந்தை அரபு நாடுகள். வளைகுடாவில் பணிபுரிந்து திரும்பிய நம் உறவினரைக் கேட்டால், அங்கே ஏலமில்லாத கஹ்வா இல்லை என்பர். ஆனால் 1980களில் குவாத்தமாலா நாடு மலிவான ஏலத்துடன் அச்சந்தையில் புகுந்தது. இந்தியாவின் ஏற்றுமதி அந்தப் பத்தாண்டின் இறுதிக்குள் சில நூறு டன்களாகச் சுருங்கிற்று. போடி வணிகர் வடக்கு நோக்கித் திரும்பினர். அங்கே 1970கள் முதல் கான்பூர், டில்லிப் பக்கங்களில் வளர்ந்து வந்த பான் மசாலாத் தொழிலுக்கு மணமூட்ட ஏலம் தேவைப்பட்டது. அதே மசாலாவில் புகையிலை கலந்தால் குட்கா. கஹ்வாக் குவளையிலிருந்து நழுவிய காய் குட்காப் பொட்டலத்தில் போய் விழுந்தது என்று சொன்னால் அது சற்றே மிகையாயினும் பொய்யாகாது.

பின்னர் சட்டங்கள் வந்தன. தமிழக அரசு 2001 நவம்பரில் குட்காவையும் பான் மசாலாவையும் தடை செய்தது; மாநிலங்களின் இத்தகைய தடைகள் செல்லாவென 2004இல் உச்சநீதிமன்றம் கூறிற்று. பொதுவிடங்களில் புகைப்பதைத் தடுக்கும் விதிகள் 2008 அக்டோபர் 2 முதல் கடுமையாயின. அவற்றால் போடிக்குப் பாதிப்பில்லை. உணவுப் பொருளில் புகையிலை சேரலாகாது என்ற 2011ஆம் ஆண்டு விதியே போடியைத் தொட்டது. அதனைக் கொண்டு 2012இல் மத்தியப் பிரதேசமும் கேரளமும், 2013 மே மாதத்தில் தமிழ்நாடும் குட்காவைத் தடுத்தன.

ஏலம் விலை வீழ்ந்ததற்கு இத்தடைகளே காரணம் என்ற பேச்சு அப்போது எழுந்தது. ஆண்டுகளைப் பார்த்தால் அது முழுமையாகப் பொருந்தவில்லை. 2010இல் உயர்ந்திருந்த விலை, விளைச்சல் பெருகியதால் 2011லேயே சரிந்துவிட்டது. முதல் மாநிலத் தடை 2012 ஏப்ரலில்தான் வந்தது. மேலும், உற்பத்தியாளர் பான் மசாலாவை ஒரு பொட்டலமாகவும் புகையிலையை வேறொரு பொட்டலமாகவும் விற்கத் தொடங்கினர். வாங்குபவன் வாயில் இரண்டும் கலந்தன. வடக்கே ஏலத்திற்கு இருந்த கிராக்கி அறுந்துபோகாததற்குச் சட்டத்தின் இந்தச் சந்தும் ஒரு காரணம் என்பதை நாம் கூச்சத்தோடேனும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

விலையை உண்மையில் ஆட்டிப்படைத்தது வானமே. 2018 ஆகஸ்டு வெள்ளமும் அடுத்து வந்த வறட்சியும் செடிகளை அழித்தன. 2019 ஆகஸ்டு 3ஆம் நாள் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய்க்குப் போயிற்று. மூன்றே ஆண்டில் அது ஆயிரத்துக்கும் கீழே இறங்கிற்று. ஏழாயிரம் விற்ற நாளில் பொறுக்கும் பெண்ணுக்கு என்ன கிடைத்தது? காய் வரத்து குறைந்தால் அவளுக்கு வேலை நாள் குறையும். விலையேற்றம் இருப்பு வைத்திருந்தவனுக்கே பயன்பட்டது.

மேலப்பாளையத்திலும் கடையநல்லூரிலும் பீடி சுற்றும் நம் பெண்களின் நிலை வேறு. அவர்கள் கையிலிருப்பது புகையிலையேதான்; புகைப்போர் குறையக் குறையச் சுற்றும் கட்டும் குறையும். அவர்களுக்கு மாற்று வேலை தேடித் தருவது சட்டம் இயற்றியோரின் கடன். 1976ஆம் ஆண்டின் பீடித் தொழிலாளர் நல நிதிச் சட்டம் மருத்துவத்துக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் உதவிற்றே தவிர, வேறு தொழிலைக் கையில் கொடுக்கவில்லை. ஏலத்துக்கோ பாயசம் உண்டு, பிரியாணி உண்டு, தேநீர் உண்டு. பீடி சுற்றுபவளின் இழப்பைக் காட்டி, மசாலா ஆலைக்காரர் தமக்குச் சலுகை கேட்பதை நாம் ஏற்பதற்கில்லை.

தமிழகத்தின் தடையைச் சென்னை உயர்நீதிமன்றம் 2023 ஜனவரியில் நீக்கிற்று. ஏப்ரலில் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்தது. இவ்விரு தீர்ப்புகளுக்கும் இடைப்பட்ட மூன்று மாதத்திலும் போடிக் கடைகளில் பெண்கள் சல்லடையின் முன் அமர்ந்து, பருத்த பச்சைக் காயைத் தனியாகவும் வெடித்ததைத் தனியாகவும் பொறுக்கிக்கொண்டுதான் இருந்தனர்.