காவலரிடம் அளிக்கும் ஒப்புதல் வாக்குமூலம்

காவலரிடம் அளிக்கும் ஒப்புதல் வாக்குமூலம் என்பது, குற்றம் சாட்டப்பட்டவர் (தமிழ்நாட்டு நீதிமன்ற வழக்கில் ‘எதிரி’) அக்குற்றத்தைத் தாமே செய்ததாகக் காவல் அலுவலரிடம் சொல்வது. இந்தியாவின் சான்றுச் சட்டப்படி இதை அவருக்கு எதிராக நீதிமன்றத்தில் நிரூபிக்க இயலாது. இங்கிலாந்தில் வற்புறுத்தல் இல்லாமல் சொன்னதாகக் காட்டிவிட்டால் காவலரிடம் சொன்னதும் சான்றாகும். இந்தியாவில் ஒருவர் தாமாகவே காவல் நிலையத்துக்கு நடந்து வந்து, மனம் வருந்திச் சொன்னாலும் ஆகாது. அடித்தார்களா இல்லையா என்று ஒவ்வொரு வழக்கிலும் ஆராய்வதை விடுத்து, வாசலையே அடைத்துவிட்ட சட்டம் இது. எதிரியின் உரிமைக்கும் பாதிக்கப்பட்டோருக்கான நீதிக்கும் இடையிலான வழக்காடலில் மிக நீண்ட காலம் பேசப்பட்டுவரும் விதியும் இதுவே. இதன் வேர் சென்னை மாகாணத்தில் உள்ளது.

சென்னைச் சித்திரவதை விசாரணைக் குழு

1816ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளால் சென்னை மாகாணத்தில் காவல் பணி தாசில்தாரிடமும் கிராமத் தலைவர்களிடமும் வந்தது. மாவட்ட ஆட்சியரே குற்றவியல் நடுவர். கிஸ்தி (நிலவரித் தவணை) பாக்கிக்காக வீட்டு வாசலில் நின்ற அதே சேவகன்தான் திருட்டு வழக்குக்கும் ஆள் பிடிக்க வந்தான். அவனைப் பற்றிப் புகார் சொல்ல வேண்டுமென்றாலும் அவனுடைய மேலதிகாரியிடமே போக வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனியின் குற்றவியல் நீதிமன்றங்கள் எதிரியின் ஒப்புதலுக்குப் பெரும் மதிப்பளித்தன. ஆகவே ஒப்புதலை வாங்கிவிட்டால் வழக்கு முடிந்த மாதிரி.

1852இல் கஜுலு லட்சுமிநரசு செட்டி தொடங்கிய சென்னைவாசிகள் சங்கம் இந்தக் கொடுமைகளை இங்கிலாந்துப் பாராளுமன்றத்தின் கவனத்துக்குக் கொண்டுபோனது. இந்தியச் சீர்திருத்தத்தில் நாட்டம் கொண்ட டான்பி சீமர் என்ற உறுப்பினர் 1853இல் சென்னைக்கு வந்தபோது, செட்டி அவரை மாவட்டங்களுக்கு அழைத்துச் சென்று குடியானவர்களையே பேச வைத்தார். 1854 ஜூலையில் மக்களவையில் விவாதம் எழுந்தது. கம்பெனி தரப்பு முதலில் மறுத்தாலும், அதே ஆண்டில் சென்னை அரசு மூவர் கொண்ட குழுவை அமைத்தது. சென்னை நகரத் தலைமை நடுவராக இருந்த இ. எப். எலியட், குடிமைப் பணி அதிகாரி எச். ஸ்டோக்ஸ், வழக்கறிஞர் ஜான் புரூஸ் நார்ட்டன் ஆகியோர் அந்த மூவர். இந்தியர் ஒருவரும் குழுவில் இல்லை.

நேரிலும் கடிதத்திலுமாக 1,959 புகார்கள் வந்தன. 1855 ஏப்ரலில் அறிக்கை வெளியாயிற்று. அதில் தமிழ்ச் சொற்கள் ஆங்கில எழுத்தில் அப்படியே கிடக்கின்றன. ‘கிட்டி’ என்பது இரண்டு கட்டைகளுக்கு இடையே கையையோ விரலையோ வைத்து நெருக்குவது. ‘அண்ணாந்தாள்’ என்பது ஆளைக் குனியவைத்துக் கழுத்தையும் கால் பெருவிரலையும் கயிற்றால் பிணைத்து, முதுகில் கல்லேற்றி வெயிலில் நிறுத்துவது. கண்ணில் மிளகாய்ப்பொடி இடுதல், உண்ணவும் இயற்கைக் கடன் கழிக்கவும் விடாமல் வைத்தல், தலைமயிரைக் கழுதை வாலிலோ எருமை வாலிலோ கட்டுதல் ஆகியவையும் பட்டியலில் உள்ளன. இவற்றுக்கெல்லாம் ஊரில் வழங்கிய தனித்தனிப் பெயர்களே இவை எவ்வளவு அன்றாடமாக இருந்தன என்பதைச் சொல்லிவிடுகின்றன.

புகார்களில் பெரும்பகுதி வரி வசூல் பற்றியது. குற்ற விசாரணை பற்றியது குறைவு. வரிக் கொடுமை குறைந்துவருகிறது என்று எழுதிய குழு, காவல் விசாரணையில் ஒப்புதல் வாங்கச் செய்யும் வதை தொடர்வதை ஒப்புக்கொண்டது. ஆனால் பழி முழுவதையும் உள்ளூர்ச் சிப்பந்திகள் தலையில் சுமத்தியது. ஐரோப்பிய அதிகாரிகள் அறியாமலே இது நடந்ததென்றும், மக்கள் அவர்களை நம்பியே இருந்தார்களென்றும் அறிக்கை கூறுகிறது. வசூல் குறைந்தால் தாசில்தாரைக் கடிந்துகொண்டவர்கள் அதே ஐரோப்பியர்கள்தாம் என்பதால், இக்கூற்று தன் தரப்பைக் காக்க எழுதியது என்றே கொள்ள வேண்டும். 1857 கிளர்ச்சியின்போது கார்ல் மார்க்ஸ் நியூயார்க் டெய்லி டிரிப்யூன் இதழில் எழுதிய கட்டுரையொன்று இந்த அறிக்கையை ஆதாரமாகக் கொண்டு அந்தப் பூச்சைக் கிழித்துக் காட்டியது.

வருவாயையும் காவலையும் பிரிக்க வேண்டும் என்ற குழுவின் பரிந்துரையிலிருந்து 1859ஆம் ஆண்டின் சென்னைக் காவல் சட்டமும், அதன் வழியில் 1861ஆம் ஆண்டின் இந்தியக் காவல் சட்டமும் பிறந்தன. இன்றைய காவல் துறை என்ற அமைப்பே ஒரு சித்திரவதை அறிக்கையின் பிள்ளை.

சட்டமானது

1861ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 148, 149, 150 ஆகிய மூன்று பிரிவுகளாக இவ்விதி முதலில் நுழைந்தது. 1872இல் சான்றுச் சட்டத்தை வரைந்த ஜேம்ஸ் பிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் அவற்றை 25, 26, 27 என எடுத்து வைத்தார். 25ஆம் பிரிவின்படி காவல் அலுவலரிடம் சொன்னது செல்லாது. 26ஆம் பிரிவின்படி, காவலில் இருக்கும்போது வேறு யாரிடம் சொன்னாலும், நடுவர் முன்னிலையில் சொன்னாலன்றிச் செல்லாது. 27ஆம் பிரிவு விதிவிலக்கு: சொன்னதை வைத்து ஒரு பொருளோ செய்தியோ கண்டுபிடிக்கப்பட்டால், அதோடு நேரடித் தொடர்புள்ள பகுதி மட்டும் செல்லும். காவலர் வதைப்பதற்குக் காரணம் கொடூர மனமல்ல, சோம்பல்தான் என்று ஓர் அனுபவசாலி தம்மிடம் சொன்னதை ஸ்டீபன் பின்னர் தம் நூலில் பதிவு செய்தார். வெயிலில் அலைந்து சாட்சி தேடுவதைவிட நிழலில் உட்கார்ந்து வேலையை முடிப்பது எளிது என்பது அதன் கருத்து.

1876இல் கல்கத்தா உயர் நீதிமன்றம், காவல் துணை ஆணையர் போன்ற மேலதிகாரியிடம் சொன்னதும் செல்லாது என்று தீர்ப்பளித்தது. ‘காவல் அலுவலர்’ என்ற சொல்லுக்குப் பதவியின் உயரம் பொருட்டல்ல என்பது அன்றே முடிவாயிற்று. 1939இல் பகால நாராயணசாமி வழக்கில் அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சிலின் அட்கின் பிரபு, குற்றத்தையோ குற்றத்தை உருவாக்கும் செய்திகள் ஏறக்குறைய எல்லாவற்றையுமோ ஏற்பதே ‘ஒப்புதல்’ என வரையறுத்தார்.

இருபத்தேழாம் பிரிவு

நடைமுறையில் வழக்குகள் ஓடியது 25இல் அல்ல, 27இல். சென்னை மாகாணத்தின் குண்டூர்ப் பகுதியிலிருந்து பிரிவி கவுன்சிலுக்குப் போன புலுகுரி கோட்டய்யா வழக்கு (1947 சட்ட அறிக்கைகளில் வெளிவந்தது) இதன் எல்லையை வரைந்தது. ‘கத்தியை வீட்டுக் கூரையில் ஒளித்து வைத்திருக்கிறேன்’ என்றால் அது செல்லும். ‘அதைக் கொண்டுதான் குத்தினேன்’ என்ற பாதி செல்லாது. தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில் இதற்கு ‘ரெக்கவரி’ என்று பெயர். எதிரியின் வாக்குமூலத்தை எழுதி, அவரை வண்டியில் ஏற்றிப்போய், புதரிலிருந்தோ கிணற்றிலிருந்தோ பொருளை எடுத்து, மகஜர் (கைப்பற்றல் பதிவு) தயாரித்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் அவருடைய உதவியாளரிடமும் கையொப்பம் வாங்குவார்கள். தமிழ்நாட்டு அமர்வு நீதிமன்றங்களில் மகஜர் சாட்சிகள் பெரும்பாலும் இவ்விருவராகவே இருப்பதைக் காணலாம். அரிவாளும் இரத்தக் கறை படிந்த சட்டையும் வழக்குக்கு வழக்கு ஒரே மாதிரி முள்ளுச்செடி மறைவில் கிடைப்பது பற்றி வழக்கறிஞர்களிடையே கேலி உண்டு. 25ஆம் பிரிவு அடைத்த கதவுக்குப் பக்கத்தில் 27ஆம் பிரிவு திறந்துவைத்த சன்னல் வழியாக, ஒப்புதல் வாங்கும் பழக்கம் உயிரோடிருக்கிறது. 1960இல் தேவ்மன் உபாத்தியாயா வழக்கில் உச்ச நீதிமன்றம் இப்பிரிவு செல்லும் என்றதால், இது அரசியல் சாசனத்துக்கு ஒத்ததா என்ற சர்ச்சை முடிந்தது.

தமிழ்நாட்டுக்கே உரிய இன்னொரு வழியும் உண்டு. எதிரி காவல் நிலையத்துக்குப் போகாமல் கிராம நிர்வாக அலுவலரிடம் சரணடைந்து ஒப்புதல் தந்தார், அலுவலர் அதை எழுதி ஆளோடு சேர்த்து ஆய்வாளரிடம் ஒப்படைத்தார் என்பது பல கொலை வழக்குகளின் கதை. சென்னைக் குற்றவியல் நடைமுறை விதிகளின் 72ஆம் விதி, காவல் விசாரணை தொடங்கிய பின் கிராம நடுவர்கள் ஒப்புதலை எழுத்தில் வாங்குவதைத் தடுத்திருந்தது. 1980இல் எம்.ஜி.ஆர். அரசு பழைய கிராம அலுவலர் பதவிகளை ஒழித்துக் கிராம நிர்வாக அலுவலர் என்ற புதிய பதவியை உண்டாக்கியபோது, புதியவர் ‘கிராம நடுவர்’ ஆவாரா என்ற கேள்வி எழுந்தது. 2006 சட்ட அறிக்கைகளில் வெளியான சிவகுமார் வழக்குத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் ஆகமாட்டார் என்றது. முன்பின் தெரியாத அலுவலரிடம் ஒருவர் ஏன் மனம் திறக்க வேண்டும் என்று கேட்டு இத்தகைய ஒப்புதல்களை ஐயத்தோடு பார்த்த தீர்ப்புகளும் நிறைய.

பாதிக்கப்பட்டோர் தரப்பு

கொன்றவன் தன் வாயாலேயே சொல்லிவிட்டான், நீதிமன்றம்தான் கேட்க மறுக்கிறது என்பது இறந்தவரின் குடும்பம் படும் வேதனை. நீதிபதி வி. எஸ். மளிமத் தலைமையிலான குழு 2003இல் அளித்த அறிக்கை இந்த வேதனைக்குக் குரல் கொடுத்தது. குற்றவியல் நீதிமுறை எதிரியின் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கூறி, காவல் கண்காணிப்பாளர் தகுதிக்குக் குறையாத அதிகாரி ஒலி, ஒளிப்பதிவுடன் வாங்கும் ஒப்புதலைச் சான்றாக்கலாம் எனப் பரிந்துரைத்தது. அது நாடு முழுவதற்குமான சட்டமாகவில்லை. மாறாக, 2009 இறுதியில் நடைமுறைக்கு வந்த திருத்தம் பாதிக்கப்பட்டவர் யார் என்பதை வரையறுத்து, எதிரியின் விடுதலையை எதிர்த்து மேல்முறையீடு செய்யவும், அரசிடம் இழப்பீடு பெறவும் அவருக்கு உரிமை தந்தது. வதைத்து வாங்கிய ஒப்புதல் தவறான ஆளைச் சிறைக்கு அனுப்பினால், உண்மைக் குற்றவாளி ஊரில் உலவுவான் என்பதைப் பாதிக்கப்பட்டோர் பெயரால் வாதிடுவோர் கணக்கில் எடுப்பதில்லை.

சிறப்புச் சட்டங்கள்

கண்காணிப்பாளரிடம் தரும் ஒப்புதலைச் சான்றாக்கும் முறை, பயங்கரவாதத் தடுப்புக்கான தடா சட்டத்தில் (1987) 15ஆம் பிரிவாக இருந்தது. 1994இல் கர்தார் சிங் வழக்கில் அரசியல் சாசன அமர்வு இதை ஏற்றது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த நீதிபதி எஸ். ரத்தினவேல் பாண்டியன்; நீதிபதிகள் கே. ராமசாமியும் ஆர். எம். சகாயும் இப்பிரிவை ஏற்காமல் மாறுபட்டனர். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரியில் பூந்தமல்லித் தனி நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்குத் தண்டனை விதித்தது இத்தகைய ஒப்புதல்களைப் பெரிதும் நம்பியே. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரை விடுவித்தது. தடாக் குற்றங்கள் நிரூபணமாகவில்லை என்று கூறிய அதே தீர்ப்பு, தடாவில் வாங்கிய ஒப்புதல்களை மட்டும் கொலைக் குற்றத்துக்குச் சான்றாக எடுத்துக்கொண்டது. எஞ்சிய எழுவரில் ஒருவரான பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த மத்தியப் புலனாய்வுத் துறை அதிகாரி, வெடிகுண்டுக்குப் பயன்பட்ட பேட்டரி எதற்கென்று தெரியாது என்று அவர் சொன்ன பகுதியைத் தாம் எழுதாமல் விட்டதாக 2013இல் வெளிப்படையாகக் கூறினார். அந்த வெடிப்பில் ராஜீவோடு இறந்தவர்களின் குடும்பத்தார் எழுவர் விடுதலையை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றனர். பேரறிவாளன் 2022 மே 18 அன்று விடுதலையானார்.

2020 அக்டோபரில் தூபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில், போதைப்பொருள் தடுப்பு அதிகாரிகளும் 25ஆம் பிரிவின்படி காவல் அலுவலர்களே என்று இருவருக்கு ஒருவர் என்ற பெரும்பான்மையில் தீர்ப்பாயிற்று.

பிற நாடுகள்

இலங்கையின் 1895ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டமும் இதே 25ஆம் பிரிவைக் கொண்டது. ஆனால் 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் உதவிப் பொலிஸ் அத்தியட்சர் வாங்கும் ஒப்புதலைச் சான்றாக்கி, அது வற்புறுத்தி வாங்கியது என்று நிரூபிக்கும் பொறுப்பையும் எதிரியின் மேலேயே போட்டது. சிங்களம் அறியாத நல்லரத்தினம் சிங்கராசா கைநாட்டு வைத்த சிங்கள வாக்குமூலத்தின் பேரில் சிறை சென்றார். ஐ.நா. மனித உரிமைக் குழு 2004இல் இதை உரிமை மீறல் என்றது. இலங்கை உச்ச நீதிமன்றம் 2006இல் அம்முடிவை ஏற்க மறுத்தது. சிங்கப்பூரில் சார்ஜென்ட் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் சொன்னது சான்றாகும்.

இன்றைய நிலை

2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதினியம் நடைமுறையில் உள்ளது; பழைய 25, 26, 27 ஆகியவை 23ஆம் பிரிவில் அடங்கிவிட்டன, சாரம் மாறவில்லை. காவல் நிலையங்களில் கண்காணிப்புக் கேமரா பொருத்த உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் ஆணையிட்டது. 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில், நகை காணவில்லை என்ற புகாரில் விசாரிக்கப்பட்ட கோயில் காவலாளி ஒருவர் காவலர் பிடியில் இறந்தார். வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றப்பட்டது.