நீங்கிய பெயர்: மும்பைத் தமிழ்க் கத்தோலிக்கரும் திருத்தந்தையர் மறைவும்

திருத்தந்தை ஒருவர் மறைந்தால், அடுத்தவர் தேர்ந்தெடுக்கப்படும் வரை திருப்பலியின் நற்கருணை மன்றாட்டில் அவருக்குரிய இடத்தில் பெயர் சொல்லப்படுவதில்லை. 1963 ஜூனில் இருபத்து மூன்றாம் யோவான் மறைந்தபோது அம்மன்றாட்டு இலத்தீனில், குருவின் வாய்க்குள்ளேயே சொல்லப்பட்டது. நெல்லைச் சீமையிலிருந்து தாராவிக்குக் குடிபெயர்ந்திருந்த தமிழ்க் கத்தோலிக்கரின் செவிக்கு அவ்விடைவெளி எட்டியிருக்க வழியில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பின்னரே வழிபாடு தமிழுக்கு வந்தது. 1964 டிசம்பரில் நற்கருணை மாநாட்டிற்காக மும்பைக்கு வந்த ஆறாம் பவுல் 1978 ஆகஸ்டு 6இல் மறைந்தார். நகரம் கண்ணாற் கண்ட ஒருவரின் பெயர் நீங்கியதைத் தமிழ்த் திருப்பலி காண்போர் தம் மொழியிலேயே உணர நேர்ந்தது அப்போதுதான்.

கோயிலுக்குச் செல்வதை நிறுத்தியோர் இதனைக் கேளார். 2005 ஏப்ரல் 2இல் இரண்டாம் யோவான் பவுல் மறைந்தபோது இந்திய அரசு மூன்று நாள் துக்கம் அறிவித்தது. அவர்களுக்கு மறைவு என்பது அச்செய்திதான். எனினும் விலகியோர் யாவரையும் நம்பிக்கை இழந்தோர் எனக் கொள்வது பிழை. கல்லறையையும் சாதிச் சுவரால் பிரித்த திருச்சி மேலப்புதூர் போன்ற இடங்களை அறிந்து, அக்கசப்பால் விலகியவர்க்கு, 2003 நவம்பரில் தமிழக ஆயர்களிடம் அவர் சாதிப் பாகுபாட்டைக் கண்டித்துப் பேசியதே நினைவுக்குரியது. அக்கண்டனம் எந்தப் பங்கில் நடைமுறைக்கு வந்தது என்பதே அவர்தம் கேள்வி.