பெருமழைக் காப்பும் நில அமைப்பும்: பாண்டுப் பகுதியை முன்வைத்து

வெள்ளத்திற்கு அஞ்சினால் ஆநிரையை மேட்டிற்கு ஓட்டுதல் தமிழரின் பழைய பட்டறிவு. நெடுநல்வாடையில், பெருமழையை வெறுத்த கோவலர் தம் நிரையை வேறு புலத்திற்குப் பெயர்க்கின்றனர். அப்புலத்தை மேட்டுநிலம் எனக் கொள்வது வழக்கு. அதே பாட்டில், பின்னர், நகரத்து மாளிகைக் கதவுகள் தாழிடப்படுகின்றன. குளிர்ந்த நீரை விடுத்து மக்கள் தடவின் நெருப்பை நாடுகின்றனர். தலைவியின் பிரிவுத்துயரை நோக்கி விரையும் வாசகர் இப்பகுதியை எளிதில் கடந்துவிடுவர். மழைக்காலத்தில் எது எவ்வாறு காக்கப்பட்டது என்னும் வினாவோடு படிப்பார்க்கோ, விலங்கு முன்னும் வீடு பின்னுமாக அமைந்த அவ்வரிசை நோக்கத்தக்கது.

இப்பட்டறிவு காலம், நிலம் என்னும் இரண்டின்மேல் நிற்கிறது. கூதிர்ப்பருவம் ஐப்பசியும் கார்த்திகையும் ஆகும். தமிழகக் கடற்கரையைத் தாக்கும் புயல்களும் பெரும்பாலும் வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் வருவனவே. திருநெல்வேலி முதலிய மாவட்டங்களிலிருந்து மும்பைக்குப் பெயர்ந்த குடும்பங்களுக்கு இந்த நாட்காட்டி உதவவில்லை. அங்கே மழை ஜூனில் தொடங்கிச் செப்டம்பர் வரை நீடிக்கும்; வைகாசி முடிவதற்குள் கூரைமேல் தார்ப்பாய் விரித்துக் கட்டியாக வேண்டும். காலம் பற்றிய பழக்கத்தை மாற்றிக்கொள்ள ஓரிரு மழைக்காலங்கள் போதும். நிலம் பற்றிய நம்பிக்கை அவ்வளவு எளிதில் மாறுவதன்று.

பாண்டுப் இரு சரிவுகளுக்கு இடைப்பட்ட ஊர். மேற்கே சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் குன்றுகள், கிழக்கே உப்பளங்களும் அலையாத்திக் காடும் தாணே கழிமுகமும், நடுவே இருப்புப்பாதை. கிழக்கில் வாழ்வோர்க்குக் கடலேற்றம் அச்சம். மேற்கில் குன்றுச்சரிவில் குடிசையமைத்தோர்க்கு மண்ணே அச்சம். மருதநிலத்தான் புகலிடம் எனக் கருதும் மேடு இங்கே இடர் தரும் இடமாகிறது. மேட்டுநிலம் மும்பையில் ஏழைகளுக்குக் கிடைத்தது அது பாதுகாப்பானது என்பதால் அன்று. வேறெவரும் அதனை விரும்பாததால்தான் எனலாம்.

2005 ஜூலை 26 இதனைத் தெளிவாகக் காட்டியது. சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. மழை பதிவாயிற்று, அதே நாளில் தென்மும்பையின் கொலாபாவில் பெய்ததோ அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மணிக்கு 25 மி.மீ. மழையை மனத்திற்கொண்டு அமைக்கப்பட்ட பழைய வடிகால்கள், கடலேற்றமும் சேர்ந்துகொள்ளவே, செயலிழந்தன. தாழ்நிலத்தில் வெள்ளத்தால் பலர் மாண்டனர். அன்றே சாக்கிநாக்காவில் குன்று சரிந்து குடிசைகளைப் புதைத்தது.

அன்று மடிந்த விலங்குகளின் செய்தி வரலாற்றில் போதிய இடம் பெறவில்லை. தபேலா எனப்படும் எருமைக் கொட்டில்கள் மும்பைப் புறநகரின் பால் தேவைக்காக எழுந்தவை. அவற்றிலும் பிற இடங்களிலுமாக ஆயிரக்கணக்கான விலங்குகள் இறந்தன. நீந்தத் தெரிந்த எருமையும் முளைக்கயிற்றில் கட்டுண்டு கிடந்தால் நீரில் மூழ்கும். புயல், வெள்ளக் காலங்களில் கால்நடைகளை அவிழ்த்துவிடுமாறு பேரிடர் மேலாண்மை அறிவுரைகள் வலியுறுத்துவதன் காரணம் இதுவே. வெள்ளத்தை அடுத்து எலிக்காய்ச்சல் பரவியது. விலங்குகளின் சிறுநீர் கலந்த நீரில் நடந்தோரை, அதிலும் காலில் புண்ணுடையோரை, அந்நோய் பற்றிற்று.

அடுத்த மாதமே, 2005 ஆகஸ்ட் 29இல், அமெரிக்காவைக் கத்ரீனா சூறாவளி தாக்கியது. வளர்ப்பு விலங்குகளை விட்டுவர மனமின்றிப் பலர் வீட்டிலேயே தங்கினர். அதன் விளைவாக 2006இல், மக்களை வெளியேற்றும் திட்டங்களில் அவர்தம் விலங்குகளுக்கும் இடமளிக்கும் சட்டம் அங்கே இயற்றப்பட்டது. விலங்கைக் காத்தலும் மனிதரைக் காத்தலும் தனித்தனிச் செயல்கள் அல்ல என்பதை அரசு ஏற்ற நிகழ்வு அது. நெடுநல்வாடைக் கோவலர்க்கு அதனை எவரும் சொல்லவேண்டியிருந்திருக்காது.

2021 ஜூலை 17 நள்ளிரவுக்குப் பின் பெய்த மழையில் செம்பூரிலும் விக்ரோளியிலும் குன்றோர வீடுகள்மீது சுவரும் மண்ணும் சரிந்தன. பாண்டுப்பிலும் சுவரிடிந்து ஓர் உயிர் போயிற்று. நகரின் குடிநீரில் பெரும்பகுதியைச் சுத்திகரிக்கும் பாண்டுப் நிலையத்துக்குள்ளும் வெள்ளம் புகுந்தது. சுற்றிலும் நீர் நிற்க, குழாயில் நீர் நின்றது. பின்னர் வந்த நீரைக் காய்ச்சிக் குடிக்குமாறு மாநகராட்சி அறிவுறுத்தியது. தார்ப்பாய், உயரப் பரணில் வைத்த குடும்ப அட்டை, மண்ணெண்ணெய் அல்லது எரிவாயு ஆகியவற்றோடு மூடிய குடங்களில் சேமித்த குடிநீரும் மழைக்கு முன் ஆயத்தமாக இருக்கவேண்டியது.

குன்றுவாழ் குடும்பத்தின் ஆட்டை என்செய்வது என்பது எஞ்சும் வினா. அவிழ்த்துவிடுக என்னும் அறிவுரை சமவெளிக்குப் பொருந்தும். ஆடு இயல்பாகவே மேட்டை நாடும். பாண்டுப்பின் மேற்கில் மேடு என்பது சரியக்கூடிய மண். அங்கே மழை எச்சரிக்கை வந்த மாலையிலேயே, வெளிச்சம் இருக்கும்போதே, ஆட்டைக் கையில் பிடித்துக்கொண்டு குடும்பத்தோடு கீழிறங்கி உறுதியான கட்டடத்தை அடைய வேண்டும். அத்தகைய கட்டடத்தின் வாயிலில் ஆட்டிற்கு இடமுண்டா என்பதை மழைக்காலம் தொடங்குமுன்பே கேட்டு வைத்திருக்கவும் வேண்டும்.