தேர்வுச் சாலையும் ஆய்வுச் சாலையும்: சென்னைப் பல்கலைக்கழக வரலாற்றில் ஒரு நோக்கு

தென்னிந்தியப் பல்கலைக்கழகங்களுக்கெல்லாம் தாய் எனப் போற்றப்படுவது சென்னைப் பல்கலைக்கழகம். அதன் வரலாற்றை எழுதுவோர், அங்குப் பட்டம் பெற்று உயர்ந்த பெருமக்களின் பெயர்களையும், கடற்கரையை அணிசெய்யும் அதன் கட்டடங்களின் எழிலையும் எடுத்துரைத்து நிறைவுறுவது வழக்கம். அவை பெருமைக்குரியனவே. எனினும் தமிழ் இலக்கியத்தில் ஈடுபாடுடையோர் சிறப்பாக அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. தேர்வு நடத்திப் பட்டம் வழங்குவதற்கென்றே தோன்றிய அந்நிறுவனம், புதிய அறிவைத் தேடும் ஆய்வுச் சாலையாக எவ்வாறு மாறியது என்பதும், அம்மாற்றத்தில் தமிழுக்குக் கிடைத்த இடம் யாது என்பதுமே அச்செய்தி.

விண்ணப்பமும் சட்டமும்

1839ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாளன்று, சென்னை மாகாணத்து மக்கள் எழுபதாயிரம் பேர் ஒப்பமிட்ட விண்ணப்பம் ஒன்று ஆளுநர் எல்பின்ஸ்டன் பிரபுவிடம் அளிக்கப்பெற்றது. அதனை முன்னின்று வழங்கியவர் அந்நாளைய அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன். உயர்கல்விக்கு வழி செய்ய வேண்டும் என்பதே அதன் வேண்டுகோள். அடுத்த ஆண்டில் நார்ட்டன் தலைமையில் பல்கலைக்கழக வாரியம் அமைக்கப்பட்டது. 1841இல் அவ்வாரியம் தொடங்கிய உயர்நிலைப்பள்ளியே பின்னாளில் மாநிலக் கல்லூரியாக வளர்ந்தது. ஆகவே சென்னையின் உயர்கல்வி, ஆட்சியாளர் தாமே முன்வந்து ஈந்த கொடை எனல் பொருந்தாது. மக்கள் கேட்டுப் பெற்றது என்பதே வரலாற்றுக்கு இயைந்த கூற்றாகும்.

1854இல் சர் சார்லஸ் உட் அனுப்பிய கல்வி அறிக்கை, இந்தியாவில் பல்கலைக்கழகங்கள் நிறுவப்பட வேண்டும் எனப் பரிந்துரைத்தது. அதன் பயனாக 1857ஆம் ஆண்டு சனவரியில் கல்கத்தாவிலும், சூலையில் பம்பாயிலும், செப்டம்பர் 5ஆம் நாள் சென்னையிலும் பல்கலைக்கழகங்கள் சட்டத்தால் அமைந்தன. வடநாட்டில் சிப்பாய்களின் கிளர்ச்சி மூண்டெழுந்த அதே ஆண்டில் இம்மூன்றும் பிறந்தமை வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

மூன்றுக்கும் அன்றைய இலண்டன் பல்கலைக்கழகமே முன்மாதிரி. கற்பித்தல் கல்லூரிகளின் பணி. பாடத்திட்டம் வகுத்தலும், தேர்வு நடத்தலும், பட்டம் அளித்தலுமே பல்கலைக்கழகத்தின் பணி. வகுப்பறையோ ஆய்வுக்கூடமோ இல்லாத பல்கலைக்கழகமாக அது அரை நூற்றாண்டு இயங்கியது. ஆனால் அதன் ஆட்சி எல்லை மிகப் பெரிது. சென்னை மாகாணம் முழுவதும் மட்டுமின்றி, மைசூர், திருவிதாங்கூர், ஐதராபாத் ஆகிய சமத்தானங்களின் கல்லூரிகளும் அதனோடு இணைந்திருந்தன. இராபர்ட் சிஷோம் வரைந்த திட்டப்படி 1874 முதல் 1879 வரை கட்டப்பெற்ற செனட் மண்டபம் இக்காலத்தின் நினைவுச் சின்னமாகும். கீழைநாட்டுக் கலையும் மேலைநாட்டுக் கலையும் அம்மண்டபத்தில் கைகோத்து நிற்கின்றன. பல்கலைக்கழகம் தன் குறிக்கோளுரையாக ஏற்றதோ இலத்தீன் கவிஞர் ஒராசின் அடி ஒன்றை.

முதற் பட்டதாரி

அப்பல்கலைக்கழகம் முதன்முதலாக நடத்திய பி.ஏ. தேர்வில் தேறியவர் இருவர். இருவரும் ஈழத்துத் தமிழர். யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைச் செமினரியில் பயின்றோர். ஒருவர் விசுவநாதபிள்ளை, மற்றவர் சிறுப்பிட்டி சி.வை. தாமோதரம்பிள்ளை.

தாமோதரம்பிள்ளை அரசுப் பணிகளில் உயர்ந்தவர். ஆயினும் தமிழுலகம் அவரை நினைப்பது பதவியால் அன்று. ஏடுகள் செல்லரித்து அழிவதைக் கண்டு உளம் நைந்த அவர், வீரசோழியத்தை 1881இலும், தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885இலும், கலித்தொகையை 1887இலும் பதிப்பித்தார். இவற்றுள் எதுவும் பல்கலைக்கழகம் அவருக்கு விதித்த பணியன்று. தேர்வு அவருக்குப் பட்டம் தந்தது. பதிப்புப் பணியை அவர் தாமே தேடிக்கொண்டார்.

கலித்தொகை வெளிவந்த அதே 1887இல் சீவகசிந்தாமணியும் அச்சேறியது. அதனைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியின் தமிழாசிரியர்; மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் முறையாகப் பாடம் கேட்டவர்; பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் இல்லாதவர். முதற் பட்டதாரியும் பட்டம் பெறாத ஆசிரியரும் ஒரே காலத்தில் ஒரே பணியில் ஈடுபட்டிருந்தனர். சாமிநாதையரின் தொண்டினை மதித்துச் சென்னைப் பல்கலைக்கழகம் 1932இல் அவருக்கு டாக்டர் பட்டம் வழங்கியது. சிந்தாமணிப் பதிப்புக்கும் அப்பட்டத்திற்கும் இடைப்பட்ட காலம் நாற்பத்தைந்து ஆண்டுகள்.

தமிழின் நிலை

அந்நாளில் கல்லூரிகளில் ஆங்கிலமே ஆட்சி செலுத்தியது. தாய்மொழிகள் பாடத்திட்டத்தின் ஓரத்தில் நின்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அவ்வோர இடத்திலிருந்தும் அவற்றை நீக்கும் கருத்து எழுந்தபோது, சென்னைக் கிறித்தவக் கல்லூரித் தமிழ்ப் பேராசிரியர் வி.கோ. சூரியநாராயண சாத்திரியாரும், அவர்தம் நண்பர் மு.சி. பூரணலிங்கம் பிள்ளையும் அதனை எதிர்த்து வாதிட்டனர். பரிதிமாற் கலைஞர் எனத் தமிழ்ப்பெயர் பூண்ட சாத்திரியார் 1903இல் இளமையிலேயே மறைந்தார். தமிழின் தொன்மையையும் தனித்தன்மையையும் நிறுவ அவர் எழுதிய ‘தமிழ் மொழியின் வரலாறு’ அக்காலப் போராட்டத்தின் சான்றாகவும் நிற்கின்றது.

1904ஆம் ஆண்டின் இந்தியப் பல்கலைக்கழகச் சட்டம் ஒரு திருப்புமுனை. பல்கலைக்கழகங்கள் பேராசிரியர்களை அமர்த்தவும், கற்பிக்கவும், ஆராயவும் அச்சட்டம் வழி திறந்தது. அவ்வழியில் சென்னை எடுத்துவைத்த அடிகளுள் இரண்டு ஒரே ஆண்டில் நேர்ந்தன.

1913

அவ்வாண்டின் மே மாதத்தில், சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் மாதம் முப்பது ரூபாய் ஊதியத்தில் எழுத்தராயிருந்த இளைஞர் ஒருவருக்கு, மாதம் எழுபத்தைந்து ரூபாய் வீதம் ஈராண்டுக்கு ஆய்வுதவித் தொகையை வழங்கியது பல்கலைக்கழகம். அவர் சீனிவாச இராமானுசன். கணிதம் தவிர்ந்த பாடங்களில் தேறாமையால் எஃப்.ஏ. தேர்வில் தோற்றவர் அவர். அத்தேர்வை நடத்தியதும் இதே பல்கலைக்கழகந்தான். வானிலை ஆய்வுத்துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கரின் பரிந்துரையும், கேம்பிரிட்சிலிருந்து ஹார்டி எழுதிய மடலும் துணைநிற்க, பட்டம் பெறாத அவ்விளைஞரைத் தன் ஆய்வாளராக அது ஏற்றது. கைம்மாறாக அது கேட்டது மூன்று மாதத்திற்கு ஓர் ஆய்வறிக்கை மட்டுமே. 1914இல் கடல் கடந்த இராமானுசன் 1918இல் இங்கிலாந்து இராயல் சங்கத்தின் உறுப்பினரானார்.

தன் அளவுகோலுக்கு அகப்படாத அறிவு ஒன்று உண்டு என்பதைப் பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்ட நாள் அது. பின்வந்த சாதனைகள் பலவற்றுக்கும் அம்மனப்பாங்கே அடிப்படை எனலாம்.

சொற்களின் பேரேடு

அதே 1913ஆம் ஆண்டின் முதல் நாளில் மற்றொரு பணி தொடங்கியது. அதுவே தமிழ் லெக்சிகன். வின்சுலோவின் அகராதி 1862இல் வெளிவந்தபின் அச்சேறிய சங்கநூல்களும் கல்வெட்டுகளும் மிகப் பல. அவற்றின் சொற்களையெல்லாம் உட்கொண்ட பேரகராதி ஒன்று தேவைப்பட்டது. அமெரிக்க மதுரை மிசனைச் சேர்ந்த சாண்ட்லர் முதற் பதிப்பாசிரியரானார். மு. இராகவையங்கார் தலைமைப் பண்டிதராயிருந்து உழைத்தார்.

ஐந்து ஆண்டுகள், ஓர் இலட்சம் ரூபாய் என்பது தொடக்கக் கணிப்பு. பணி இறங்க இறங்க ஆழம் மிகுந்தது. ஒரு சொல்லைத் தமிழ் எழுத்திலும் உரோமன் எழுத்திலும் தந்து, இனமொழி வடிவங்களைச் சுட்டி, ஆங்கிலத்திலும் தமிழிலும் பொருள் உரைத்து, ஒவ்வொரு பொருளுக்கும் இலக்கியத்திலிருந்தோ சாசனத்திலிருந்தோ வழக்கிலிருந்தோ சான்று காட்டுவது எளிதன்று. 1924இல்தான் முதற்பகுதி வெளிவந்தது. 1926இல் பதிப்பாசிரியர் பொறுப்பு எஸ். வையாபுரிப் பிள்ளையிடம் வந்தது. நெல்லையில் வழக்கறிஞராயிருந்தவர் அவர். அவருடைய தலைமையில் 1936இல் ஆறு தொகுதிகள் நிறைவெய்தின. 1939இல் இணைப்புத் தொகுதியும் வெளிவந்தது. ஆறு தொகுதிகளில் 1,04,405 சொற்கள். இணைப்பில் 13,357 சொற்கள். ஆகமொத்தம் 1,17,762 சொற்கள். ஐந்தாண்டுப் பணி இருபத்தாறு ஆண்டுகளாயிற்று. செலவும் நான்கு இலட்சத்து பத்தாயிரம் ரூபாயாக உயர்ந்தது.

குறைகூறுவோர் இல்லாமலில்லை. தூய தமிழ்ச் சொற்கள் பலவற்றை வடசொல்லெனக் காட்டியது லெக்சிகன் என்பது தேவநேயப் பாவாணரின் கடுமையான குற்றச்சாட்டு. அக்கருத்து வேறுபாட்டின் தொடர்ச்சியாகவே, 1974இல் தமிழக அரசு அவர் தலைமையில் செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தைத் தொடங்கியது. ஒரு பேரகராதி மற்றொரு பேரகராதிக்குத் தூண்டுகோலானது மொழிக்கு இழப்பன்று. லெக்சிகன் சொற்களுக்குச் சான்று காட்டி எழுதப்பட்டமையாலேயே, அதனை மறுப்போரும் சான்று காட்டியே மறுக்க வேண்டியதாயிற்று. ஆய்வு என்பது வளர்வது இவ்வாறுதான்.

லெக்சிகன் பணியினூடே தமிழாய்வும் வேரூன்றியது. 1927இல் கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் அமைந்தது. 1936 முதல் பத்தாண்டுகள் வையாபுரிப் பிள்ளை தமிழ்த்துறைத் தலைவராயிருந்தார், பின்னர் ரா.பி. சேதுப்பிள்ளை அப்பொறுப்பை ஏற்றார். கல்லூரியில் சேராமல் தனியே பயின்று 1935இல் வித்துவான் தேர்வில் மாகாணத்திலேயே முதலாவதாகத் தேறிய மு. வரதராசன், சங்க இலக்கியத்தில் இயற்கை பற்றிய ஆய்வுக்காக 1948இல் இப்பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். தமிழாய்வுக்கென அங்கு வழங்கப்பெற்ற முதல் டாக்டர் பட்டம் அது. அவ்வாய்வேடு ஆங்கிலத்தில் எழுதப்பட்டது என்பதும் அக்கால நிலையைக் காட்டும்.

பிற துறைகளில்

1923ஆம் ஆண்டுச் சட்டம் பல்கலைக்கழகத்தைக் கற்பிக்கும் நிறுவனமாகவும் திருத்தி அமைத்தது. அடுத்த ஆண்டில் சீர்காழியைச் சேர்ந்த கணித ஆசிரியர் சீ.இரா. அரங்கநாதன் நூலகராக அமர்த்தப்பட்டார். நூலகக் கலையை அவர் அதற்குமுன் கற்றவரல்லர். இலண்டன் சென்று பயின்று திரும்பியவர், 1931இல் நூலக இயலின் ஐந்து விதிகளையும், 1933இல் கோலன் பகுப்பு முறையையும் உலகுக்கு அளித்தார். நூல்கள் பயன்பாட்டிற்கே என்பது அவர் விதிகளுள் முதலாவது. 1936இல் சேப்பாக்கத்தில் நூலகத்திற்குத் தனிக் கட்டடம் எழுந்தது.

வரலாற்றுத் துறையில் சா. கிருட்டிணசாமி ஐயங்காரும், அவருக்குப்பின் கா.அ. நீலகண்ட சாத்திரியும் தென்னாட்டு வரலாற்றைக் கல்வெட்டுகளின் துணைகொண்டு உருவாக்கினர். சாத்திரியாரின் சோழர் வரலாறு 1935, 1937ஆம் ஆண்டுகளில் வெளிவந்தது. 1942 முதல் 1969 வரை இருபத்தேழு ஆண்டுகள் துணைவேந்தராயிருந்த ஏ. இலட்சுமணசாமி முதலியார் காலத்தில் அறிவியல் துறைகள் செழித்தன. 1952இல் இயற்பியல் பேராசிரியராக வந்த கோ.நா. இராமச்சந்திரன், 1954இல் கொலாசன் என்னும் புரதத்தின் முப்புரி அமைப்பைக் கண்டறிந்தார். மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்றது அவ்வமைப்பு. 1963இல் அவர் தம் உடனாய்வாளருடன் வெளியிட்ட வரைபடம் இன்றும் அவர் பெயராலேயே உலகெங்கும் வழங்குகின்றது.

இவ்வளர்ச்சியினிடையே தாயின் எல்லை சுருங்கிக்கொண்டே வந்தது. 1916இல் மைசூர், 1926இல் ஆந்திரம், 1929இல் அண்ணாமலை, 1937இல் திருவிதாங்கூர், 1966இல் மதுரை, 1982இல் பாரதியார், பாரதிதாசன் எனப் புதிய பல்கலைக்கழகங்கள் எழுந்தன. தென்னாடு முழுவதும் பரந்திருந்த ஆட்சி, சென்னையும் அதனை அடுத்த மாவட்டங்களும் என்ற அளவில் இன்று நிற்கின்றது. பிள்ளைகள் தனிக்குடும்பம் அமைத்தலால் தாய்க்குப் பெருமையே அன்றிச் சிறுமை இல்லை.

இன்றைய கவலை

கவலைக்குரியது வேறு. அண்மை ஆண்டுகளில் பல்கலைக்கழகம் நிதி நெருக்கடியில் சிக்கியுள்ளது. வரி நிலுவை காரணமாக 2024இல் வருமான வரித்துறை அதன் வங்கிக் கணக்குகளை முடக்கிய செய்தி கல்வியாளர் பலரை வருந்தச் செய்தது. நெருக்கடி நேரும் இடத்தில் முதலில் கைவிடப்படுவது உடனடிப் பயன் காட்டாத பணிதான். தேர்வு எப்படியும் நடைபெறும், பட்டமும் வழங்கப்படும். நின்றுபோவது ஆய்வு.

ஐந்தாண்டு கழிந்ததும் பணி முடியவில்லை என்று லெக்சிகனை நிறுத்தியிருந்தால், தமிழுக்குச் சில சொற்பட்டிகள் மட்டுமே எஞ்சியிருக்கும். எஃப்.ஏ. தேறாதவருக்கு உதவித்தொகை இல்லை என்று விதியைக் காட்டியிருந்தால், கணித உலகம் இராமானுசனின் அறிக்கைகளைக் கண்டிராது. பொதுமக்கள் வரிப்பணத்தால் இயங்கும் நிறுவனம் காட்டிய பொறுமையின் விளைவே இவ்விரண்டும்.

இன்று கவிதை எழுதும் ஒருவர், அரிய சொல்லொன்றின் பொருளில் ஐயம் கொண்டால் லெக்சிகனையே புரட்டுகின்றார். சிக்காகோ பல்கலைக்கழகம் அதனைக் கணினியில் தேடும் வடிவிலும் ஆக்கித் தந்துள்ளது. அப்பொருளுக்கு எதிரே சான்றாக நிற்கும் நூற்பெயர்க் குறிப்பை ஏட்டிலிருந்து தேடி எழுதிய பண்டிதர்களின் பெயர்களைப் பலரும் அறியார். அவர்களுக்கு உரிய நன்றி, அச்சொற்களைப் பிழையின்றி ஆள்வதும், அத்தகைய நீண்ட பணிகளுக்குப் பொதுப் பல்கலைக்கழகம் தொடர்ந்து இடந்தர வேண்டும் என வலியுறுத்துவதுமே ஆகும். 1839இல் எழுபதாயிரம் பேர் ஒப்பமிட்டுக் கேட்டனர். அத்தகைய கேள்விக்குரிய காலம் இன்னும் முடிந்துவிடவில்லை.