சுவரில் தொங்கும் சட்டம்

18-ஆம் நூற்றாண்டு லண்டனில் வேண்டாத மனைவியைக் கழித்துக்கட்ட ஒரு சுலபமான வழி இருந்தது. ஊருக்கு ஒதுக்குப்புறமாகச் ‘சித்தம் கலங்கியோர் விடுதி’ நடத்திய ஒருவரிடம் கட்டணம் பேசிக்கொண்டு, அவளை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டால் போதும். கதவு சாத்திக்கொள்ளும். உள்ளே போனவளுக்குச் சித்தம் தெளிவாக இருந்ததா என்று கேட்க நாதி கிடையாது. புகார்கள் பெருகவே, 1763-இல் பாராளுமன்றக் குழு ஒன்று விசாரிக்க உட்கார்ந்தது. செல்சியில் விடுதி நடத்திய ஒருவர், கொண்டுவந்து விடுகிறவர்களையெல்லாம் சேர்த்துக்கொள்வதே தன் வழக்கம் என்று குழுவின் முன் கூசாமல் ஒப்புக்கொண்டார். குழு அதிர்ந்தது. ஆனால் அந்த அதிர்ச்சி சட்டமாவதற்குப் பதினோரு வருடம் பிடித்தது.

1774-இல் வந்த அந்தச் சட்டம், இப்படிப்பட்ட விடுதியை நடத்த வேண்டுமானால் உரிமம் வாங்க வேண்டும் என்றது. லண்டன் வட்டாரத்தில் ஐந்து மருத்துவர்கள் விடுதிகளைச் சுற்றிப் பார்க்க நியமிக்கப்பட்டார்கள். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். உள்ளே கிடந்த நோயாளியின் நலம் அந்த உரிமத்தின் முதல் கவலையாக இருக்கவில்லை. சித்தம் தெளிந்தவர் தவறிப்போய் உள்ளே அடைபட்டுவிடக் கூடாதே என்ற பயம்தான் அதைப் பெற்றெடுத்தது. உள்ளே இருந்தவர்களை அடித்தாலும் பட்டினி போட்டாலும் உரிமத்தைப் பறிக்க அந்த ஐந்து பேருக்கு அதிகாரம் தரப்படவில்லை. அப்படிப் பல் முளைக்காமலேயே ஒரு காகிதம் பிறந்தது. கப்பல்கள் அடுத்து மதராசுக்குக் கொண்டுவந்தது அந்தக் காகிதத்தை அல்ல, அந்தத் தொழிலை.

1794-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவி அறுவை மருத்துவர் வாலன்டைன் கானலி, புரசைவாக்கத்தில் ஒரு வீட்டைப் பிடித்துச் சித்தம் கலங்கியவர்களை வைத்துப் பராமரிக்கத் தொடங்கினார். கம்பெனி அதற்குப் பணம் கொடுத்தது. பின்னாளில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகமாக வளர்ந்த வரலாற்றின் முதல் பக்கம் அதுதான். தொடக்கத்தில் அது ஒரு தனியார் ஒப்பந்தத் தொழில். பிறகு 1858-இல் ஒரு சட்டம், 1912-இல் இன்னொரு சட்டம் என்று வந்தன. 1912 சட்டம் ‘பைத்தியம்’ என்பதற்கு எழுதிய விளக்கத்தில் மனநோய் வந்தவரையும், பிறந்ததிலிருந்தே அறிவு வளர்ச்சி குன்றியவரையும் ஒரே வரியில் கட்டிப் போட்டது. நோய்க்கு மருந்து உண்டு. மற்றவருக்குத் தேவைப்பட்டது கூட நிற்கும் ஒரு மனிதர். அந்த வேறுபாடு சட்டத்தை எழுதியவர்களின் கண்ணில் படவில்லை. அதைக் கண்ணில் படவைக்க, கடல் கடந்து எங்கோ ஒரு சாவி தவறவிடப்பட வேண்டியிருந்தது.

நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் வில்லோபுரூக் என்ற அரசு நிறுவனம் இருந்தது. அறிவு வளர்ச்சி குன்றியவர்களுக்காகக் கட்டப்பட்டது. 4,000 பேருக்கான இடத்தில் 6,000 பேர் வரை அடைக்கப்பட்டிருந்தார்கள். 1965-இல் ராபர்ட் கென்னடி நேரில் பார்த்துவிட்டுப் ‘பாம்புக்குழி’ என்று கொதித்தார். செய்தி வந்தது, ஒன்றும் மாறவில்லை. மைக்கேல் வில்கின்ஸ் என்ற இளம் மருத்துவர் பெற்றோரைத் திரட்டிக் கேள்வி கேட்கத் தொடங்கினார். அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். நீக்கிய அவசரத்தில் ஒரு சின்னக் காரியத்தை மறந்துவிட்டார்கள். கட்டடத்தின் சாவி அவர் சட்டைப்பையிலேயே இருந்தது.

1972 ஜனவரியில் அந்தச் சாவியால் கதவு திறந்தது. உள்ளே நுழைந்தது ஜெரால்டோ ரிவேரா என்ற தொலைக்காட்சி நிருபரும் கேமராவும். உடையில்லாமல், அழுக்கில், இருட்டில் சுருண்டு கிடந்த மனிதர்களை அமெரிக்கா தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தது. வழக்கு வந்தது, 1975-இல் நீதிமன்ற உடன்படிக்கை வந்தது, 1987-இல் வில்லோபுரூக் மூடப்பட்டது. அதே 1987-இல்தான் தில்லியில் ஒரு சட்டம் நிறைவேறியது. நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்ட அந்தச் சட்டத்தில் ஒரு பள்ளம் இருந்தது.

மனநலச் சட்டம், 1987, பழைய ‘பைத்தியம்’ என்ற சொல்லைத் தூக்கி எறிந்தது. மனநலக் காப்பகம் நடத்துபவர் உரிமம் பெற வேண்டும் என்றது. அறிவு வளர்ச்சிக் குறைபாடு நோயல்ல என்பதால் அதைத் தன் எல்லைக்கு வெளியே நிறுத்தியது. கொள்கையில் அது சரிதான். அந்தப் பிரிப்பு வெகுகாலத்துக்கு முன்பே வந்திருக்க வேண்டும். ஆனால் வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு வேறு கூரை எதுவும் கட்டப்படவில்லை. 1993 ஏப்ரல் முதல் தேதி இந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் 1912 சட்டம் செத்தது. அன்று முதல், அறிவு வளர்ச்சி குன்றியவர்களை வைத்து ஓர் இல்லம் நடத்துபவரைப் பார்த்து “உங்கள் காகிதம் எங்கே?” என்று கேட்க, அவர்களுக்கென்றே எழுதப்பட்ட மத்தியச் சட்டம் எதுவும் நாட்டில் இல்லாமல் போனது. ஏறக்குறைய மூன்று வருடம் அப்படியே ஓடியது.

அந்த இடைவெளியை அடைத்தது ஒரு சக்கர நாற்காலி. 1995 டிசம்பரில், நாடாளுமன்றக் குளிர்காலக் கூட்டத்தொடர் கூச்சலில் முடங்கிக் கிடந்தது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காகப் போராடிய ஜாவேத் அபிதியும் தோழர்களும் ஊன்றுகோல்களோடும் சக்கர நாற்காலிகளோடும் தில்லித் தெருவில் இறங்கினார்கள். கடைசி நாட்களில் மாற்றுத்திறனாளிகளுக்கான மசோதா நிறைவேறிவிட்டது. 1996 பிப்ரவரி 7 முதல், மாற்றுத்திறனாளிகளுக்கான இல்லம் நடத்தப் பதிவுச் சான்றிதழ் கட்டாயமானது. மனநோயாளிகளுக்கு ஒரு சட்டம், மற்றவர்களுக்கு ஒரு சட்டம் என இரண்டு காகிதங்கள் இப்போது கையில் இருந்தன. இந்த இரண்டில் ஒன்றுகூட எட்டிப் பார்க்காத ஊர் ஒன்று ராமநாதபுரம் கடற்கரையில் இருந்தது.

ஏர்வாடி தர்காவுக்கு எல்லா மதத்தவரும் வந்தார்கள். மருத்துவம் கைவிட்டது, பணம் தீர்ந்தது, ஊர் பேசியது என்று எல்லாம் முடிந்த பிறகு வந்தார்கள். தர்கா விளக்கின் எண்ணெயும் நீரும் குணமாக்கும் என்று நம்பினார்கள். வீடு திரும்பலாம் என்ற உத்தரவு கனவில் வரும் என்றார்கள். கனவு வரும்வரை எங்கே தங்க வைப்பது? அந்தக் கேள்வியைச் சுற்றிக் கொட்டகைகள் முளைத்தன. குடும்பம் மாதாமாதம் பணம் அனுப்பியது. கொட்டகைக்காரர் சங்கிலி போட்டார். யாருக்கு நோய், யாருக்குப் பிறவிக் குறைபாடு என்று சங்கிலி பிரித்துப் பார்க்கவில்லை. மகனை அங்கே விட்டுவிட்டுப் பேருந்து ஏறிய எந்தத் தாயும் கொடியவள் இல்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். அவளுக்குக் காட்டப்பட்ட வாசல் அது ஒன்றுதான்.

2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை ஐந்து மணி. மொய்தீன் பாதுஷா மனநலக் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகையில் தீப் பிடித்தது. உள்ளே நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள். பெரும்பாலானவர்கள் சங்கிலியில். அலறல் கேட்டது, அது ஏர்வாடிக்குப் பழகிய சத்தம். கீற்று எரிந்து விழச் சில நிமிடங்கள் போதும். சங்கிலியை அறுக்க அந்த நிமிடங்கள் போதாது. 25 பேர் அங்கேயே கரிந்தார்கள். பிறகு எண்ணிக்கை 28 ஆனது.

ஒரு வாரத்தில், ஆகஸ்ட் 13 அன்று, ஏர்வாடியின் காப்பகங்கள் எல்லாம் மூடப்பட்டன. 500-க்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்பில் வந்தார்கள். பத்திரிகைச் செய்தியைப் பார்த்து உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கெடுத்தது. அந்த வழக்கின் தலைப்பிலேயே ‘சங்கிலியிடப்பட்ட 25 பேரின் மரணம்’ என்று இருக்கிறது. மற்ற மூன்று பேருக்கு அந்தத் தலைப்பில்கூட இடம் கிடைக்கவில்லை. 2007-இல் உரிமையாளருக்கும் மனைவிக்கும் உறவினர் இருவருக்கும் ஏழாண்டு சிறை விதிக்கப்பட்டது. மனநலக் காப்பகத்துக்கு உரிமம் வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்து எட்டு வருடம் கழித்துத்தான் அந்தத் தீ பிடித்தது. காகிதம் இல்லாததால்தான் இந்தச் சாவு, காகிதம் இருந்தால் ஆபத்தில்லை என்று பலர் எண்ணிக்கொண்டார்கள். பத்து வருடத்தில் அந்த எண்ணமும் உடைந்தது.

இங்கிலாந்தில் பிரிஸ்டல் அருகே வின்டர்போர்ன் வியூ. கற்றல் குறைபாடு உள்ள பெரியவர்களுக்கான தனியார் மருத்துவமனை, 24 படுக்கைகள், பதிவு எல்லாம் ஒழுங்கு. அங்கே வேலை பார்த்த மூத்த செவிலியர் டெரி பிரயன், கண்ணால் பார்த்ததை எழுதி நிர்வாகத்துக்கும் தரக் கண்காணிப்பு ஆணையத்துக்கும் அனுப்பினார். பலன் இல்லை. கடைசியில் பிபிசி நிருபர் ஒருவர் பராமரிப்பாளராக வேலைக்குச் சேர்ந்து, உடையில் மறைத்த கேமராவோடு ஐந்து வாரம் பதிவு செய்தார். 2011 மே மாத இறுதியில் அது ஒளிபரப்பானது. அறைந்ததும், தரையில் இழுத்ததும், குளிரில் தண்ணீர் ஊற்றியதும் வெளியே வந்தன. 11 ஊழியர்கள் தண்டிக்கப்பட்டார்கள். கதவைத் திறந்து பார்க்க வேண்டியவர் பார்க்காவிட்டால், காகிதம் அந்தக் கதவுக்குத் திரையாகிவிடும் என்பதை அந்த மருத்துவமனை காட்டிக்கொடுத்தது.

2016 டிசம்பரில் நம் நாடாளுமன்றத்தில் மறுபடியும் அதே காட்சி. பணமதிப்பு நீக்கக் கூச்சலில் கூட்டத்தொடர் முழுவதும் வீணாகப் போய்க்கொண்டிருந்தபோது, நடுவில் தப்பிப் பிழைத்து நிறைவேறியது மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம். போதிய வசதியும் தரமும் இல்லாத இல்லத்துக்குச் சான்றிதழ் கிடையாது என்றது. சான்றிதழை ரத்து செய்தால், அங்கே இருந்தவர்களைக் குடும்பத்திடமோ வேறு இல்லத்திடமோ ஒப்படைக்க உத்தரவிடலாம் என்றது. ஏர்வாடியில் எழுந்த ‘எங்கே தங்க வைப்பது?’ என்ற கேள்விக்கு இப்போது எழுத்தில் ஒரு பதில் இருந்தது. அடுத்த வருடமே வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், எந்த வடிவத்திலும் சங்கிலி கூடாது என்று எழுதி வைத்தது. எல்லாம் சரியாகிவிட்டது போலத்தான் இருந்தது. ஆனால் 2016 சட்டத்தில், மத்திய மாநில அரசுகள் நடத்தும் இல்லங்களுக்கு இந்தப் பதிவு பொருந்தாது என்று ஒரு பிரிவு, பழைய சட்டத்திலிருந்து அப்படியே கூட வந்து உட்கார்ந்திருந்தது.

அதன் விலை பிறகு தெரிந்தது. 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில், காணாமல்போன ஒரு முதியவருக்காக உயர் நீதிமன்றத்தில் போடப்பட்ட ஆட்கொணர்வு மனு ஓர் ஆசிரமத்தின் கதவைத் தட்டியது. 140-க்கும் மேற்பட்டோர் அங்கிருந்து மீட்கப்பட்டார்கள். அது தனியார் இடம், சட்டத்தின் கை எட்டும் இடம். ஆனால் 2024 ஜூலையில் தில்லி ரோகிணியில் ஆஷா கிரண் என்ற அரசு இல்லத்தில், அறிவுசார் குறைபாடுடையோர் அளவுக்கு மீறி அடைக்கப்பட்டிருந்த கட்டடத்தில், ஒரே மாதத்தில் 14 பேர் இறந்தார்கள். பதிவே தேவைப்படாத இடத்தில் ரத்து செய்ய எதுவும் இருக்கவில்லை. அரசு நடத்தும் இல்லத்துக்கும் அந்தச் சான்றிதழ் கட்டாயமாக வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

திருப்பூருக்கு இந்தச் செய்திகள் தூரத்துச் செய்திகளாக இருக்கவில்லை. 2022 அக்டோபரில், அந்த ஊரின் ஒரு பகுதியான வேலம்பாளையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் திருமுருகன்பூண்டியில், சிறுவர் காப்பகம் ஒன்றில் சாப்பிட்ட உணவு ஒத்துக்கொள்ளாமல் மூன்று பையன்கள் இறந்துபோனார்கள். அரசு அதை மூடியது. ஊர் பல நாள் அதையே பேசியது.

வேலம்பாளையத்துக்குச் சோதனை புதிதல்ல. அங்கே பனியன் கம்பெனிகளுக்கு ஆடிட் வந்தபோதெல்லாம் அவசரக் கதவைத் தள்ளிப் பார்த்தார்கள். தீயணைப்பானில் கட்டியிருந்த அட்டையின் தேதியைப் படித்தார்கள். கழிவறையை எட்டிப் பார்த்தார்கள். செக்கிங்கில் உட்கார்ந்த பெண்கள் ஒரு பீஸை வெளிச்சத்தில் தூக்கி, ஊசி ஓட்டையையும் எண்ணெய்க் கறையையும் கண்டுபிடித்துத் தள்ளினார்கள். ஒன்றரை ஷிஃப்ட் முடிந்து வீடு திரும்பினால், அவர்களில் சிலருக்கு வாசலில் இருபத்தைந்து வயது மகன் காத்திருந்தான். சட்டைப் பொத்தானைப் போட்டுவிட வேண்டும். சோறு பிசைந்து கொடுக்க வேண்டும். “எங்களுக்கப்பறம் இவன யாருங்க பாப்பாங்க?” என்ற ஒரு கேள்விதான் அந்த வீடுகளில் இரவெல்லாம் விழித்திருந்தது.

அந்தக் கேள்வியோடு ஒருநாள் அந்தப் பெண்களில் ஒருத்தி மகனைக் கூட்டிக்கொண்டு ஓர் இல்லத்தின் படியேறுகிறாள். முன்கூடத்தில் பிள்ளையார் படம், தினசரி நாட்காட்டி, சுவர்க் கடிகாரம். அவற்றுக்கு நடுவே கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு தாள், சற்றே சாய்ந்து தொங்குகிறது. பார்வையில் படும்படி மாட்ட வேண்டும் என்று சட்டம் சொல்வதால் மாட்டியிருக்கிறார்கள், பார்ப்பவர் குறைவு. செல்சியில் அடைபட்ட மனைவியரும், வில்லோபுரூக்கின் சாவியும், தில்லித் தெருவின் சக்கர நாற்காலியும், ஏர்வாடியின் 28 பேரும் சேர்ந்து எழுதிய தாள் அது: பதிவுச் சான்றிதழ்.

அவள் அருகே போய் நிற்கிறாள். செக்கிங்கில் பழகிய விரல் கண்ணாடியின் மேல் வரிவரியாக இறங்கி, எந்த நாள்வரை செல்லும் என்ற தேதியில் நிற்கிறது. பிறகு திரும்பி, சமையலறையையும் படுக்கிற இடத்தையும் பார்க்க வேண்டும், ராத்திரியில் கூட இருப்பது யார், கதவு எந்தப் பக்கம் பூட்டும் என்று கேட்கிறாள்.