சுவரில் முளைத்தவை

1855இல் லண்டனில் ஒரு புத்தகம் வெளியாயிற்று. எழுதியவர் ரிச்சர்ட் டீக்கின் என்ற ஆங்கில மருத்துவர். விஷயம், ரோம் நகரத்துக் கொலோஸியத்தின் இடிபாடுகளில் தாமாகவே முளைத்துக்கிடந்த செடிகள். சுமார் ஆறு ஏக்கருக்குள் 420 இனங்கள். புல்லில் மட்டும் 56, அவரைக் குடும்பத்தில் 41.

பி.ஏ. வகுப்பில் எங்களுக்கு ரோம் என்றால் ஷெல்லிதான். 1819இல் கரகல்லா குளியல் மண்டபத்தின் இடிபாட்டில், பூத்த புதர்களுக்கு நடுவே அமர்ந்து தன் கவிதை நாடகத்தின் கணிசமான பகுதியை எழுதினான். இதைச் சொல்லும்போது பேராசிரியரின் குரல் தழுதழுக்கும். என்ன புதர் என்று யாரும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. சாம்ராஜ்யம் வீழ்ந்தது என்று சொல்லக் கவிகளுக்குப் பொதுவாக ஒரு பச்சை போதும். அதற்குப் பெயர் அவசியமில்லை.

பெயர் சொன்னவர்கள் மருந்துக்காரர்களும் தாவரவியல்காரர்களுமே. 1643இல் பனரோலி 337 என்று பட்டியலிட்டார். 1815இல் செபாஸ்தியானி 261. ஈரம் கசியும் கீழ்த்தளம், வெயில் காயும் உச்சி என்று அந்த ஒரே கட்டடத்துக்குள் பல சீதோஷ்ணங்கள். அங்கே சண்டைக்குக் கொண்டுவந்த மிருகங்களின் தீனியோடு சில விதைகள் வந்திருக்கலாம் என்றொரு ஊகம் உண்டு. கேட்க நன்றாயிருக்கிறது, அவ்வளவுதான். காற்றும் பறவையும் போதாதா?

1870இல் ரோம் இத்தாலியோடு சேர்ந்தது. அடுத்த ஆண்டே, பியெத்ரோ ரோசா என்ற தொல்பொருள் அறிஞரின் பொறுப்பில் செடிகளைப் பிடுங்கிச் சுத்தம் செய்தார்கள். வேர் செங்கல்லைப் பிளக்கும் என்பது பொய்யில்லை. ஆனால் எது சரித்திரம் என்பதை முன்கூட்டியே தீர்மானித்துவிட்ட பார்வை அது. கல் சரித்திரம், கல்லிடுக்கில் நூற்றாண்டுகளாக வந்துபோன உயிர்கள் குப்பை. பதினாறே வருஷத்தில் டீக்கினின் புத்தகம் மரணப் பதிவேடாயிற்று.

குறிஞ்சிப்பாட்டின் 99 பூக்களை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறவர்கள் நம்மிடம் உண்டு. அவர்களைத் தங்கள் தெருச் சாக்கடையோரம் நிற்கும் குப்பைமேனியைக் காட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

நான் மட்டும் என்ன. எங்கள் கிளையின் பின்சுவரில், மழைநீர்க் குழாயை ஒட்டி ஓர் அரசங்கன்று. நாலு வருஷமாக அந்த ஜன்னலருகேதான் உட்கார்கிறேன். சென்ற மாதம் ஆசிட்டுக்கும் கொத்தனார் கூலிக்கும் வவுச்சர் போடச் சொன்னபோதுதான் எட்டிப் பார்த்தேன். இடுப்புயரம் வளர்ந்திருந்தது. செலவின் விவரம் என்ற இடத்தில் 'கட்டடப் பராமரிப்பு' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.